ஆஸ்பத்திரிக்குப் பயணம் சொன்னவர்கள்

கீழக்கரையில் சபியாவைத் தெரியாது என்று ஒருவர் சொன்னால் அவர் தொதல் தின்னாதவராகத்தான் இருக்க வேண்டும். தேங்காய்ப்பாலையும் கருப்பட்டிப் பாகையும் ஊற்றி, அடுப்படியில் நின்று கை ஓயக் கிண்டி இறக்குகிற அந்த இனிப்பு இல்லாமல் எங்கள் ஊரிலிருந்து எவரும் சபருக்குக் கிளம்பியதில்லை. சபர் என்றால் பயணம். வளைகுடாவுக்குப் பிழைக்கப் போவதற்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர். தொதல் கிண்டும் துடுப்பைப் பிடித்துப் பிடித்துச் சபியாவுக்குக் கை இரண்டும் காய்த்துப்போயிருந்தன. வாயும் சும்மா இல்லை, பட்டென்று பேசிவிடுவாள். பேசிவிட்டு அதற்காக அவள் வருத்தப்பட்டதாக இதுவரை தகவல் இல்லை.

அவள் புருஷன் சதக், ஷார்ஜாவில் கிரேன் ஓட்டியவர். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணத்துக்குப் பிறகு பெண் வீட்டோடு வந்து இருந்த மாப்பிள்ளை. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊர் திரும்பினார். அடுத்த விசா இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று காத்திருந்த காலத்தில், சாயங்காலமானால் கடற்கரையில் கூட்டாளிகளோடு உட்கார ஆரம்பித்தார். வெறும் சிகரெட் என்றுதான் சபியா முதலில் நினைத்தாள். அது கஞ்சா என்று அவளுக்குப் புரிவதற்குள் மனிதர் பாதி ஆளாகியிருந்தார். விசா வந்தபோது பதில் சொல்லக்கூட அவர் போனை எடுக்கவில்லை. மாடி அறையே கதி என்று ஆனது.

இப்படி ஆன ஆம்பளைகளுக்கு ஊரில் ஒரு ஏற்பாடு உண்டு. கேட்பவர்களிடம் "சபர்ல இருக்காக" என்று சொல்லிவிடுவார்கள். ஆள் மாடியில் போர்வைக்குள் கிடப்பார், இல்லையென்றால் தெரியாத ஊரில் ஏதாவதொரு மறுவாழ்வு மையத்தில் கிடப்பார். வீட்டுக்காரர்கள் சபர் சபர் என்று சொல்லிக்கொண்டு திரிவார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும், ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். சபியாவுக்கு இந்த நாடகத்தைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அந்த நாடகம் அவள் வீட்டுக்குள்ளேயே நடந்தது. மகள் லாமியா ஒன்பதாவது படிக்கிறவள். கூடப் படிக்கிற பிள்ளைகள் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி, "உங்க வாப்பா எங்கடி?" என்று கேட்டாள். லாமியா யோசிக்கவே இல்லை. "எங்க வாப்பா சபர்ல இருக்காக. வர்ற நோன்புக்குத்தான் வருவாக" என்றாள். தண்ணீர் குடிக்க இறங்கிய சதக் மாடிப்படியில் நின்று அதைக் கேட்டார். கேட்டவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிள்ளைகள் போகும்வரை பொறுத்திருந்து சபியா பக்கத்தில் போனாள். "கேட்டீகளா மச்சான்?"

"கேட்டேன்."

"சத்தியமா நான் சொல்லிக் குடுக்கல."

"தெரியும்." அவர் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "என்னைய எங்கயாச்சும் கொண்டுபோய்ச் சேத்து விடு சபியா. நானும் எத்தனையோ தடவை விட்டுப் பாத்துட்டேன். என்னால தனியா முடியல."

சபியாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அடுத்த வேலையைப் பேச ஆரம்பித்துவிட்டாள். ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் போதையை விடுகிறவர்களுக்கென்று தனி வார்டு இருப்பதைக் கேள்விப்பட்டிருந்தாள். "திங்கக்கிழம கெளம்புறோம். ஆனா ஒண்ணு. சபர்னு மகள் சொல்லிப்புட்டா. அப்ப சபருக்குப் போற மாதிரியே பயணம் சொல்லிட்டுத்தான் போகணும்."

பயணம் சொல்வது இங்கே சின்ன விஷயமில்லை. சபர் கிளம்புகிறவர் சொந்தபந்தம், அண்டை அயல் ஒன்று விடாமல் வீடு வீடாகப் போய் வாசலில் நின்று, தவறு ஏதும் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்காக இறைவனிடம் துஆ செய்யுங்கள் என்று கேட்க வேண்டும். சொல்லாமல் போனால் ஆயுசுக்கும் குறை சொல்வார்கள். பயணம் சொன்ன பிறகு கிளம்பாமல் இருந்தாலோ அதைவிடக் கேவலம். பயணம் சொல்லிவிட்டு விமானத்தைத் தவறவிட்ட ஒரு புண்ணியவான், ஊருக்குத் திரும்ப வெட்கப்பட்டு, அடுத்த டிக்கெட் கிடைக்கும்வரை சென்னை மண்ணடியில் ஒரு லாட்ஜிலேயே கிடந்தான். வீட்டுக்குப் போன் செய்தபோதுகூடத் துபாயில் இருப்பதாகத்தான் சொன்னான்.

சதக் மிரண்டு போனார். "போய் என்னன்னுடி சொல்றது?"

"உள்ளதச் சொல்லுங்க. கஞ்சாப் பழக்கம் ஒட்டிக்கிச்சு, அதை ஒழிக்கிறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லுங்க."

"உனக்கு என்ன பைத்தியமா?"

"ஒளிஞ்சு போனவுக எல்லாம் நாலாம் நாளே சுவரேறிக் குதிச்சு வந்துட்டாக மச்சான். ஒருத்தருக்கும் தெரியாமப் போனா ஒருத்தருக்கும் தெரியாமத் திரும்பிறலாம்ல? நீங்க திரும்பக் கூடாது."

சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் தெருத் தெருவாகப் போனார்கள். சபியா ஒரு எட்டு பின்னால் நின்றாள். முதல் வீட்டில் சதக்குக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முதுகில் அவள் ஒரு குத்துக் குத்திய பிறகுதான் பேச்சு வந்தது. சிலர் கேட்டுவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள். சிலர் அவசரமாகத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார்கள். ஒரு பெரியவர் மட்டும் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவர் மகனும் "சபரில்" இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைசியாகப் போனது சதக்கின் அக்கா சூஃபியா வீட்டுக்கு. அங்கே அன்றைக்குத்தான் அவள் மகளைப் பெண் பார்க்க ஆட்கள் வந்திருந்தார்கள் என்பது இவர்களுக்குத் தெரியாது. சூஃபியா கதவைத் திறந்தாள். சதக் இரண்டு நாளாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய தைரியத்தில், நல்ல சத்தமாகவே, "ராத்தா, கஞ்சாப் பழக்கத்தை விடுறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன், பயணம் சொல்லிக்கிற வந்தேன்" என்றார். கூடத்தில் இருந்த சம்பந்திமார் அத்தனை பேர் காதிலும் அது விழுந்தது. சூஃபியாவின் முகம் வெளுத்துப்போனது. "போடா அங்கிட்டு!" என்று படாரென்று கதவைச் சாத்தினாள்.

அந்தச் சம்பந்தம் கூடவில்லை. சூஃபியா அதற்குப் பிறகு இவர்கள் இருக்கும் தெருப்பக்கமே வரவில்லை.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் போகும்போது சபியா நிம்மதியாக இருந்தாள். வழியில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸார் சோதனை போட்டார்கள். அந்தப் பாதையில் இது வழக்கம்தான், இலங்கைக்குக் கடத்தும் சரக்கு அவ்வப்போது பிடிபடும். சபியா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சதக்கின் பைக்குள்ளிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்தார்கள். பார்த்தவுடன் அவளுக்கு உயிரே போய்விட்டது.

"எங்கம்மா போறீங்க?" என்று கேட்டார் எஸ்.ஐ.

"கஞ்சாவை விடுறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம் சார்."

பஸ்ஸே சிரித்தது. "விடப் போறவரு பையில இதுக்கு என்னம்மா வேலை?" என்றார் அவர். நியாயமான கேள்வி. அதே கேள்வியைத்தான் அன்று முழுக்கச் சபியா புருஷனைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் முதல் ராத்திரி தூக்கம் வராமல் உடம்பு நடுங்கினால் என்ன செய்வது என்று பயந்து, கடைசியாக ஒரே ஒரு பொட்டலத்தைப் பத்திரப்படுத்தியிருக்கிறார். "அட அல்லாவே! குளிக்கப் போறவன் சேத்தைத் தலையில வச்சுக்கிட்டா போவான்?" என்று அவள் ஸ்டேஷன் வாசலிலேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

வழக்குப் பதிந்து, சாயங்காலம் ஜாமீனில் விட்டார்கள். பயணம் சொல்லிவிட்டுப் போனவர் அன்றைக்கே தெருவில் திரும்பி நடந்தார். வாசலுக்கு வாசல் ஆள் நின்று பார்த்தது. சபியா தலையைக் குனியவில்லை. மறுநாள் விடிந்ததும் அதே பஸ்ஸில் ஏற்றி, இந்தத் தடவை பையை உதறி, சட்டைப் பையையும் இடுப்பு மடிப்பையும் தடவிப் பார்த்து, கொண்டுபோய் வார்டில் சேர்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

வார்டில் சதக் பட்ட பாடு கொஞ்சமில்லை. சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் கெட்ட கனவு, வேர்த்துக் கொட்டியது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் நர்ஸிடம் எரிந்து விழுந்தார். "வந்து கூட்டிட்டுப் போ சபியா, செத்துருவேன் போல இருக்கு" என்று போனில் அழுதார். அவளும் வார்டுக்குப் போனாள், தூக்குவாளியில் சோறும், ஆணம் என்று இங்கே சொல்கிற குழம்புமாக. "ஒரு தடவை திரும்பி வந்து ஊரே பாத்துருச்சு. இன்னொரு தடவை வந்தா வீட்டுக் கதவைச் சாத்தப் போறது உங்க ராத்தா இல்ல, நான்தான். வாயைத் தொறங்க" என்று ஊட்டிவிட்டாள். அவர் அழுதுகொண்டே தின்றார்.

இதற்கு நடுவில் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தது. ஊரில் ஆளாளுக்கு ஒரு சட்டம் கைவசம் வைத்திருந்தார்கள். ஒரு கிலோவுக்குள் இருந்தால் குற்றமே கிடையாது என்றது கடற்கரைக் கூட்டம். சபியாவின் அண்ணன் தாஹா காக்கா, செல்போன் கடை வைத்திருப்பவர், ரொம்ப விவரமாகப் பேசினார். "ஆமான்னு ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டு வந்துரச் சொல்லு. அரை மணி நேர வேலை. எல்லாரும் அப்படித்தான் செய்றாக."

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்பது உண்மை. அதனால் என்ன ஆனது என்பதும் சபியாவுக்குத் தெரியும். பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் இதே மாதிரி ஒத்துக்கொண்டு, ஃபைனைக் கட்டி, வரும் வழியில் பிரியாணியும் தின்றுவிட்டு வந்தான். பிறகு அவனுக்குக் கத்தாரிலிருந்து விசா வந்தது. போலீஸ் சர்டிபிகேட் கேட்டபோது தண்டனை பெற்றவன் என்று அதில் ஏறியிருந்தது. விசா போயே போச்சு. சபரை நம்பியே பிழைக்கிற ஊரில் அவன் இப்போது டவுனில் யாரோ ஒருவர் கடையில் ஷட்டர் தூக்கிக்கொண்டிருக்கிறான். கிரேனைத் தவிர வேறொன்றும் தெரியாத சதக்குக்கும் அதே கதி வந்துவிடக் கூடாது என்பதுதான் சபியாவின் கவலையெல்லாம். அவரை மீட்டு எடுத்த பிறகு மறுபடி மாடி அறையில் முடங்க வைக்க அவள் தயாராக இல்லை.

சட்ட உதவி மையத்தில் அவளுக்குக் கிடைத்த வக்கீல் ராமலெட்சுமி, அபிராமத்துப் பெண், சின்ன வயசு. கேட்டதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதவர். பேசினால் தெளிவாகப் பேசுவார்.

"ஒரு கிலோ வரைக்கும் சின்ன அளவுன்னு சட்டத்துல இருக்கு, அவ்வளவுதான்க்கா. தண்டனை கம்மின்னு அர்த்தம், குத்தம் இல்லைன்னு அர்த்தம் இல்ல. சொந்தமா இழுக்கத்தான் வச்சிருந்தேன்னு சொன்னாலும் வழக்குத்தான். ஒரு வருசம் வரைக்கும் ஜெயில், இல்ல பத்தாயிரம் வரைக்கும் ஃபைன், ரெண்டும் சேத்தும் போடலாம்."

சபியா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "வேற வழியே இல்லையாம்மா?"

"இருக்கு. அதே சட்டத்துல அறுபத்துநாலு ஏ-ன்னு ஒரு பிரிவு. பழக்கத்துக்கு அடிமையானவரு தானா விரும்பி அரசாங்க ஆஸ்பத்திரியில சேந்து, சிகிச்சைய முழுசா முடிச்சா, சின்ன அளவுக்கு அவர் மேல வழக்கு நடத்தக் கூடாது. பாதியில ஓடிட்டா அந்தச் சலுகை போயிரும். இதுல ரெண்டு விசயம் இருக்கு. சிகிச்சைய முடிக்கிறது அவர் கையில. தானா விரும்பிப் போனாருங்கிறத நிரூபிக்கிறது நம்ம கையில."

அந்த இரண்டாவது விஷயத்தில்தான் இடித்தது. அரசு வக்கீல் விடவில்லை. மாட்டிய மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், வழக்குக்குப் பயந்து சேர்ந்தவர்தானே, இதில் விருப்பம் எங்கே வந்தது என்று கேட்டார். ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டிப் போன் செய்து பெயர் கொடுத்திருந்தால் அது ஆதாரமாகியிருக்கும். அதெல்லாம் யாருக்குத் தெரியும், நேரே போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள் என்றுதானே கிளம்பினார்கள்.

"மாட்டுறதுக்கு முந்தியே சொன்னதுக்குச் சாட்சி இருக்கா அக்கா?" என்று கேட்டார் ராமலெட்சுமி.

சபியா சிரித்தே விட்டாள். "ஊரே சாட்சிம்மா!"

ஊர் சாட்சிதான், ஆனால் ஊர் கோர்ட்டுக்கு வர வேண்டுமே. சதக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்ட பெரியவர் படுக்கையில் விழுந்திருந்தார். மற்ற வீடுகளில், "துஆ செய்றோம் சபியா, கோர்ட்டு கேசுன்னு மட்டும் கூப்பிடாத" என்றார்கள். "கஞ்சாக் கேசுல எம்பேரு வரணுமா?" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள். தேத்தண்ணி கொடுத்த கைகள் எல்லாம் இப்போது பின்னால் போயின. சபியாவுக்கு வந்த கோபத்தில் அன்றைக்குக் கிண்டிய தொதல் அடிப்பிடித்துப்போனது. வாழ்க்கையில் அது ஒரே தடவைதான் நடந்தது.

கடைசியில் வேறு வழியில்லாமல் சூஃபியா வீட்டுக்குப் போனாள்.

"எம்மகள் கல்யாணத்தைக் கெடுத்துட்டு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தே?" என்றாள் சூஃபியா. இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை, வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கெடுத்தது நாங்கதான் மதினி. ஆள் வந்திருக்காகன்னு தெரியாம வந்து நின்னுட்டோம். மன்னிச்சுக்கங்க. இப்ப ஒண்ணு கேட்டு வந்திருக்கேன். உங்க தம்பிக்காக ஒரு பொய்யும் சொல்ல வேணாம். அன்னைக்கு வந்தான், இன்னது சொன்னான், நான் கதவைச் சாத்துனேன்னு கோர்ட்டுல வந்து சொல்லுங்க. அது போதும்."

"ஊருக்கு நடுவுல நின்னு நான் சொல்லணுமாக்கும்?"

"சொல்லாட்டி உங்க தம்பி ஆயுசுக்கும் குத்தவாளி மதினி. கப்பலும் இல்ல, விமானமும் இல்ல. அவ்வளவுதான்."

சூஃபியா திரும்பி உள்ளே போய்விட்டாள். சபியா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

விசாரணை நாளில் சபியா கோர்ட் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். சாட்சி இருக்கிறதா என்று மாஜிஸ்ட்ரேட் அம்மா கேட்டார். ராமலெட்சுமி திரும்பிச் சபியாவைப் பார்த்தார். சபியா தரையைப் பார்த்தாள். "இருக்குங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கறுப்புப் புர்காவில், மூச்சு வாங்க, புருஷனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு சூஃபியா நின்றாள்.

கூண்டில் ஏறி அவள் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் சொன்னாள். தம்பி வந்தான், கஞ்சாவை விடுவதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவதாகப் பயணம் சொன்னான், நான் போடா என்று கதவைச் சாத்தினேன். அரசு வக்கீல் எழுந்தார். அது எந்த நாள் என்று எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள் என்று கேட்டார்.

"எம்மகளைப் பொண்ணு பாக்க வந்த நாளுங்க. அவன் சொன்னதைக் கேட்டுட்டுத்தான் அந்தச் சம்பந்தம் கலைஞ்சு போச்சு. பெத்தவளுக்கு அந்த நாள் மறக்குமா? மறுநாள் காலையிலதான் அவனைப் போலீஸு பிடிச்சாக."

"நீங்க கூடப் பிறந்தவங்க. தம்பியைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றீங்க."

சூஃபியாவுக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது. "காப்பாத்துற அக்காவா இருந்தா அன்னைக்கே கதவைத் தொறந்து உள்ள கூப்பிட்டிருப்பேனே சார்! சாத்துனவ சொல்றேன், நம்புங்க!"

மாஜிஸ்ட்ரேட் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அரசு வக்கீல் இன்னும் ஏதோ கேட்க வாய் திறந்து, வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டார். பின் பெஞ்சில் இருந்த சபியாவுக்கு எழுந்து நின்று கை தட்ட வேண்டும்போல இருந்தது. புர்கா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு அடக்கினாள்.

வெளியே வந்ததும், "உனக்காக வரல, தெரிஞ்சுக்க" என்றாள் சூஃபியா சபியாவிடம். அப்புறம், வார்டிலிருந்து கோர்ட்டுக்கு வந்திருந்த தம்பியைப் பார்த்தாள். மெலிந்திருந்தார், ஆனால் கண் தெளிந்திருந்தது. ஓங்கி அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். "பொட்டலத்தையும் தூக்கிக்கிட்டாடா ஆஸ்பத்திரிக்குப் போவே, கூமுட்டை!" என்று திட்டிக்கொண்டே அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். வக்கீல்களும் கட்சிக்காரர்களும் ஒதுங்கி வழிவிட்டுப் போனார்கள்.

சதக் சிகிச்சையை ஒருநாள் விடாமல் முடித்தார். வார்டை விட்டு வந்த பிறகும் டாக்டர் சொன்ன தேதிகளில் எல்லாம் போய் நின்றார். முழுசாக முடித்தார் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கொடுத்தது. அடுத்த வாய்தாவில் மாஜிஸ்ட்ரேட் அம்மா தீர்ப்பை வாசித்தார். இவர் தானாக விரும்பித்தான் சிகிச்சைக்குப் போனார், பிடிபடுவதற்கு முன்பே அதைப் பலரிடம் சொல்லியும் இருக்கிறார், சிகிச்சையை முழுமையாக முடித்தும் இருக்கிறார், ஆகவே இவர் மீதான வழக்கு நடவடிக்கை இத்துடன் நிறுத்தப்படுகிறது. சபியாவுக்கு அந்தக் கோர்ட்டுத் தமிழ் பாதிதான் புரிந்தது. ராமலெட்சுமி திரும்பிச் சிரித்தபோது மீதி புரிந்தது. தாஹா காக்கா, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று எல்லோரிடமும் கை குலுக்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரை மறுக்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் சதக் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குச் சோதனை போட்ட இடம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு மெல்ல, "குத்தவாளின்னு எங்கயும் எம்பேரு இல்லையே சபியா? நான் இனிமே சபருக்குப் போகலாமா?" என்று கேட்டார்.

"போறதும் போகாததும் உங்க இஷ்டம் மச்சான். நீங்க இங்கனயே கெடந்து எனக்குத் தொதல் கிண்டிக் குடுத்தாலும் சரி." சபியா அவர் கையை எடுத்துத் தன் காய்த்த கைக்குள் வைத்து, பஸ்ஸில் ஆள் பார்ப்பதையும் சட்டை செய்யாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "போகக் கூடாதுன்னு உங்கள்ட்டச் சொல்ல இனி எவனுக்கும் வாய் கெடையாது. அது போதும் எனக்கு."